ஆறு மாதத்தில் மறந்துவிடும் என்று நினைத்த பாட்டு

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, இங்குள்ள நகராட்சியின் வெளிநாட்டவர் பிரிவோடு பேசுவதற்காகத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. வீடு மாறி ஒன்றரை வருடம் ஆகியும் எங்கள் குடியிருப்பு அனுமதியில் பழைய முகவரியே இருக்கிறது. அதை மாற்ற நேரில் போகவேண்டும், நேரில் போக நேரம் வாங்கவேண்டும், நேரம் வாங்கத் தொலைபேசியில் காத்திருக்கவேண்டும். எங்கள் ஊர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மரத்தடியில் காத்திருந்தால் பக்கத்தில் பேச ஒரு ஆளாவது கிடைப்பார். இங்கே அதுவும் கிடையாது.

வரிசையில் நான் ஏழாவது ஆள் என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லிவிட்டு இசையைப் போட்டது. பியானோ. மிக மெதுவாக, ஒவ்வொரு சுரமாக விழுந்தது. எட்டாவது சுரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதே பாட்டுதான்.

உங்களுக்கும் அது தெரியும். பெயர் சொன்னால் தெரியாது. இரண்டு வரி முனகினால் “அட, அதுவா” என்பீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஐரோப்பாவில் யாரோ இயந்திரத்தில் தட்டி எடுத்த தாளம். ஒரு பெண் உச்சத்தில் நின்று கூப்பிடுவாள். நடுவில் ஒரு ஆண் வந்து, தனியார் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர்களை அடுக்குவதுபோல் மூச்சுவிடாமல் பேசிவிட்டுப் போவான். இந்தப் பத்து வருடத்தில் அதைப் பனிச்சறுக்குத் திடலில் கேட்டிருக்கிறேன், கால்பந்து மைதானத்தில் கேட்டிருக்கிறேன், தொழிற்சாலையில் என்னோடு இயந்திர வரைபடம் போடுகிறவரின் ஐம்பதாவது பிறந்தநாளில் கேட்டிருக்கிறேன். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி ஊசியை எடுத்தபோதுகூட மூலையில் இருந்த ரேடியோவில் அதுதான் ஓடியது.

இசையில் லயித்து உட்கார்ந்திருந்தபோது திடீரென்று அதிகாரியம்மா லைனில் வந்துவிட்டார். பதற்றத்தில் அவரை ‘நீ’ போட்டுப் பேசிவிட்டேன். இந்த ஊரில் அதிகாரியை ‘நீ’ என்பது பெரிய மரியாதைக் குறைவு. “நமக்குள் அறிமுகம் உண்டா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் என்னை மறுபடியும் காத்திருப்பில் போட்டார். மறுபடியும் பாட்டு.

நியாயமாகப் பார்த்தால் இப்படிப்பட்ட பாட்டெல்லாம் ஆறு மாதத்தில் காணாமல் போகவேண்டும். போய்விடும் என்று நம்பித்தான் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

மாவட்டம் பிரிந்த வருடம் அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் வேலை வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்ள, நாங்கள் வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு வந்தோம். நான், தங்கை செல்வி, அப்பா, அம்மா. எனக்கும் செல்விக்கும் ஆறு வயது வித்தியாசம்.

அந்தப் பாட்டை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது கேபிள்காரர். எங்கிருந்தோ ஒரு இசை சேனலைப் பிடித்துத் தெருவெல்லாம் இழுத்துவிட்டார். ஒரே மாதத்தில் தேரடித் தெரு கேசட் கடையில், கிரிவலப் பாட்டு ஓடிய ஸ்பீக்கரில், இது ஓடியது. செங்கம் ரோட்டு டீக்கடையில் ஓடியது. கட்சிக் கூட்டத்தில் தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க ஓடியது. காதுகுத்துக்கு ஓடியது. யாருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவார்கள். செல்விக்காக நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு இடத்திலும் இந்த ஒரே பாட்டு. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், ரெண்டு பக்கமும் இதேவா?”

“தங்கச்சி காலேஜ் டேக்கு ஆடுறா. ரிவைண்ட் பண்ணிப் பண்ணி டேப் அறுந்துபோவுது.”

செல்வி அப்போது இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு பெண்கள் சேர்ந்து ஆடினார்கள். அசைவுகளை அமைத்தவள் அவள்தான். டிவியில் பார்த்ததில் பாதி, மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்கு ஆடுகிறவர்களிடம் பார்த்ததில் பாதி. கால்கள் வெளிநாட்டுத் தாளத்துக்குப் போகும், தோள் நம்மூர்த் தாளத்துக்குப் போகும். எப்படிப் பொருந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் பொருந்தியது. மாடியில் அவர்கள் பழகும்போது நான்தான் டேப் ரெக்கார்டரின் பட்டனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

விழாவுக்குப் போனேன். கடைசி நிகழ்ச்சி அவர்களுடையது. செல்வி முன்வரிசையில் நடுவில் நின்றாள். முடிந்ததும் நான் நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தேன். விழா முழுவதையும் படம் எடுத்த வீடியோக்காரர் பாபு எனக்குத் தெரிந்தவர். அவரிடம் சொல்லி ஒரு பிரதி வாங்கிவந்ததும் நான்தான். மூன்று மணி நேரக் கேசட். அதன் கடைசி ஐந்து நிமிடம்தான் செல்விக்கு வேண்டியது. வீடியோ கேசட்டின் விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. வந்த அன்றே செல்வி அதை ஸ்பூனால் நெம்பி உடைத்தாள். “இனிமே யாராலயும் அழிக்க முடியாது,” என்றாள்.

3

ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஏழுமலை, கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். நெல்லும், எங்கள் பக்கம் மணிலா என்று சொல்லும் வேர்க்கடலையும் விளையும் நிலமும் இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சம்பந்தம் ரொம்பப் பிடித்திருந்தது. நான் அப்போது வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணம் முடியாமல் நகர முடியாது. அதையும் சொல்லிவிடவேண்டும். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்காகவும்தான் செய்தேன்.

செல்வியைப் பார்த்தார்கள், அவள் கும்பிட்டுவிட்டு உள் அறைக்குப் போய்விட்டாள். பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார்.

“பொண்ணு காலேஜ் மேடையில டான்ஸ் எல்லாம் ஆடுதாமே?”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா, இல்லையா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்தார். பெண் வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் எந்தக் கேள்வியையும் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“ஐயோ, அது எங்க வீட்டுப் பொண்ணு இல்லீங்க. அதே க்ளாஸ்ல இன்னொரு செல்வி இருக்குது. அந்தப் பொண்ணு,” என்றேன்.

நாற்காலிமேல் ஏறி விசில் அடித்த அதே வாய். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. பெரியம்மா “அப்படியா” என்றுவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்தார். சம்பந்தம் முடிவானது. மூன்றாம் வருடப் பரீட்சையைக் கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் எழுதவில்லை.

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அந்தக் கேசட் வீட்டில் இருக்கக்கூடாது. செல்விக்கு அதன்மேல் பெருமை. கல்யாணம் முடிந்து போகும்போது எடுத்துக்கொண்டு போவாள், அங்கே போட்டுக் காட்டுவாள், நான் சொன்ன இன்னொரு செல்வி யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எல்லாப் பாட்டையும்போல ஆறு மாதத்தில் ஊர் இதை மறந்துவிடும். பாட்டு மறந்தால் ஆட்டமும் மறந்துவிடும். கேசட் மட்டும்தான் பாக்கி என்று கணக்குப் போட்டேன்.

தையில் கல்யாணம். ஒரே முகூர்த்தத்தில் ஏகப்பட்ட கல்யாணம், பாபு கையில் வெற்றுக் கேசட் தீர்ந்துவிட்டது.

“உங்ககிட்ட ஏதாவது பழசு இருந்தா குடுங்க சார், அதுலயே எடிட் பண்ணிப் பதிஞ்சு தரேன்,” என்றார்.

நான் வீட்டுக்கு வந்து செல்வியின் கேசட்டை எடுத்தேன். அவள் உடைத்த பல் இருந்த ஓட்டையின்மேல் செல்லோ டேப் ஒட்டினேன். ஓட்டையை மூடிவிட்டால் இயந்திரம் ஏமாந்து பதிந்துவிடும். காற்றுக்குமிழி இல்லாமல், நகத்தால் நன்றாகத் தேய்த்து ஒட்டினேன். பாபு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், இது காலேஜ் ஃபங்ஷன் ஆச்சே. தங்கச்சி டான்ஸ் இருக்குமே, அழிச்சிடலாமா?” என்று கேட்டார்.

“அழிச்சிடுங்க,” என்றேன்.

மறுவீட்டுக்கு வந்தபோது செல்வி அலமாரியில் தேடிவிட்டு என்னிடம் கேட்டாள். ஒரு நண்பன் வாங்கிப் போனான், திருப்பித் தரவில்லை என்றேன். அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

4

இங்கே எனக்கு ஒரு மகள் பிறந்தாள், நிலா. எட்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். திருவண்ணாமலையை “அப்பாவோட மலை” என்பாள், ஏதோ அவளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல்.

போன வருடம் பள்ளிக் கோடை விழாவில் அவள் வகுப்பு ஆடியது. எந்தப் பாட்டுக்கு என்று சொல்லவேண்டியதில்லை. அவள் ஆசிரியை அந்தக் காலத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவராம். நிலா ஒரு மாதம் வீட்டில் பழகினாள். மினுமினுக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தேன். விழாவில் முன்வரிசையில் மண்டியிட்டுப் படம் எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனிடம், “நடுவில் ஆடுவது என் மகள்,” என்று கேட்காமலேயே சொன்னேன். சொன்னபிறகுதான் உறைத்தது. காமிராவை மனைவி உமாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வெயில், கண் கூசுகிறது என்று சாக்குச் சொன்னேன்.

அந்த ஆட்டத்தை உமா ஒரு குறுந்தகட்டில் போட்டுவைத்தாள். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, “செல்விக்குக் காட்டணும்,” என்று அதையும் பெட்டியில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை.

5

கீழ்பென்னாத்தூரில் செல்வி வீட்டுக்கூடத்தில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். செல்விக்கு இப்போது இரண்டு பையன்கள். உமா குறுந்தகட்டைப் போட்டாள். திரையில் நிலா ஆட, கூடத்திலும் நிலா எழுந்து ஆட, எல்லோருக்கும் ஒரே குஷி. ஏழுமலை மாப்பிள்ளை தாளம் போட்டார். யார் ஜாஸ்தி கைதட்டியது என்று கேட்டால், அதே பெரியம்மாதான்.

“இன்னாமா ஆடுது கொழந்த! சுத்திப் போடுங்கடி!” என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

பாட்டு முடியப்போகும் இடத்தில், சமையலறை வாசலில் நின்றிருந்த செல்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். நிலாவின் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கினாள். கால் ஒரு தாளத்தில், தோள் இன்னொரு தாளத்தில். கடைசி சுற்று, கடைசிக் கை வீச்சு, கடைசியில் தலையைச் சாய்த்து நிற்கும் நிலை. ஒன்றும் தப்பவில்லை. பையன்கள் இருவரும் அதைப் பலமுறை பார்த்தவர்கள்போல் சிரித்தார்கள்.

“அத்தை, நீங்க எப்படி தெரியும்?” என்று நிலா அவளுடைய தமிழில் கேட்டாள்.

“எங்க கல்யாணக் கேசட்டுல இருக்குதே,” என்றாள் செல்வி.

துணி போட்டு மூடியிருந்த பழைய வீடியோ பிளேயரை மாப்பிள்ளை சந்தோஷமாகத் திறந்தார். கேசட்டைப் போட்டு வேகமாக ஓட்டினார். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாலி, பந்தி, எல்லாம் குடுகுடுவென்று ஓடின. காருக்குள் செல்வி அழுதுகொண்டே ஏறுகிறாள், ‘நன்றி வணக்கம்’ என்று இரண்டு பூக்கள் நடுவில் எழுத்து வருகிறது. பிறகு திரை முழுவதும் புள்ளிகள். அதற்குப் பிறகு, கல்லூரி மேடை.

கல்யாணம் முடிந்த இடத்தில் டேப் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. மிச்சத்தில் பழையது அழியாமல் இருந்திருக்கிறது. நாற்பது நொடி இருக்கும். ஆறு பெண்கள், நடுவில் பத்தொன்பது வயது செல்வி. கடைசியில் ஒரு விசில் சத்தம். அது என்னுடையது.

“வருசத்துல நாலு தடவையாவது போடுவா, மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “கல்யாணத்த ஓட்டி வுட்டுட்டு இத மட்டும் பாப்பா. கல்யாணத்துல நான் எப்படி இருந்தேன்னு கூடப் பாக்க மாட்டா.”

நிலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆரம்பம் எங்க?” என்று கேட்டாள்.

கூடத்தில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். வாய் திறந்திருக்கவேண்டிய நேரம் அதுதான். உமா இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், பெரியம்மா இருந்தார். நான் நிலாவின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“அது அழிஞ்சிடுச்சும்மா,” என்றாள் செல்வி, என்னைப் பார்க்காமல். “இது போதும்.”

6

மறுநாள் காலை, கொல்லைப்புறத்தில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பெரியம்மா தவிர மற்றவர்கள் நிலாவைக் கூட்டிக்கொண்டு மணிலாக் கொட்டை பிடுங்குவதைப் பார்க்க நிலத்துக்குப் போயிருந்தார்கள். இரவெல்லாம் மனதில் எழுதிவைத்த வசனம் ஒன்றும் வரவில்லை.

“செல்வி, அந்தக் கேசட்ட எந்த ஃப்ரெண்டும் வாங்கிட்டுப் போகல.”

“தெரியும்.”

“நான்தான் பாபுகிட்டக் குடுத்தேன்.”

“கல்யாணக் கேசட்டு கைக்கு வந்த அன்னிக்கே தெரியும்ண்ணா. உடைச்ச எடத்துல டேப் ஒட்டியிருந்துச்சு. அவ்ளோ நீட்டா நம்ம வீட்ல வேற யாரு ஒட்டுவாங்க?”

“ஏன் கேக்கல?”

அவள் சட்டையைப் பிழிந்து உதறினாள். “கேட்டா நீ இன்னா சொல்லுவ? ஒன் நல்லதுக்குத்தாம்மான்னு சொல்லுவ. நானும் சரின்னு தலையாட்டணும். அதுக்குக் கேக்காமயே இருந்துட்டேன்.”

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அண்ணன் தங்கையிடம் சொல்கிற வார்த்தை இல்லை அது. அவளுக்கே கூச்சமாகிவிட்டது. வாளியை நகர்த்தினாள், கொடியில் இடம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கேசட்டு போனா போவுதுண்ணா. அன்னிக்கு அவங்க கேட்டப்ப, அது எங்க வீட்டுப் பொண்ணு இல்லன்னு சொன்ன பாரு. நான் உள்ள ரூம்லதான் இருந்தேன். நீ சேரு மேல ஏறி விசில் அடிச்சதுதான் எனக்கு மேடையிலேர்ந்து தெரிஞ்சுது. அது நடந்து அப்ப ஆறு மாசம் கூட ஆவல.”

கேசட்டுக்குத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். இதற்கு இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எத்தனை வருடமாக அந்தக் கேசட்டைப் பற்றியே வெட்கப்பட்டிருக்கிறேன்! அவளை வைத்துக்கொண்டே அவளை இல்லை என்று சொன்னதை ஒரு தப்பாகவே நினைத்ததில்லை, சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“இப்ப நான் இன்னா செய்யணும்?” என்று கேட்டேன். குழந்தைத்தனமான கேள்விதான்.

“எங்கிட்டக் கேட்டா? யாருகிட்டச் சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு,” என்றாள். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியம்மா முன்வாசலில் சாக்கு விரித்து, காய்ந்த மணிலாவை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். நானும் நாலு காய் உரித்தேன்.

“பெரியம்மா, செல்விய நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப ஒண்ணு கேட்டீங்க. மேடையில ஆடுதாமேன்னு. நான் வேற பொண்ணுன்னு சொன்னேன். அது பொய்ங்க. ஆடுனது எங்க செல்விதான். நான்தான் பாட்டு கேசட்டெல்லாம் வாங்கிக் குடுத்தேன்.”

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்திருக்கவேண்டும்.

“அதான் நேத்து டிவியில பாத்தமே தம்பி.”

“இல்லீங்க, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே...”

“நானா கேட்டேன்?” என்று யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லையேப்பா. ஏதாவது பேச்சுக்குக் கேட்டிருப்பேன். பொண்ணு பாக்கப் போன எடத்துல வாய மூடிக்கினா உக்காந்திருக்க முடியும்?”

கையில் இருந்த பருப்பை என்னிடம் நீட்டினார். “சாப்புடு. அங்கெல்லாம் இது கெடைக்குமா?”

கிடைக்கும் என்று சொன்னேன். பருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் பஜ்ஜிக்கு நடுவில் பேச்சுக்குக் கேட்டதற்குப் பயந்து, நான் என் தங்கையை அவள் காதுபட இல்லாதவள் ஆக்கியிருக்கிறேன்.

எழுந்து உள்ளே போனேன். முன்வாசலை ஒட்டிய அறையில், ஜன்னலுக்குக் கீழே செல்வி பையன்களின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன்.

“உள்ளதான் இருந்தேன்,” என்றாள். “இதுவும் கேட்டுச்சு.”